வடக்கே கொண்டுபோன பதக்கம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி, ஒரு பித்தளைப் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை நிறைக்கிற வட்டம். மேலே ஒரு துளை, ஓரத்தில் ஒரு வெட்டு, நடுவில் வடக்கே வெகுதொலைவில் இருக்கும் இரண்டு ஊர்களின் பெயர்கள். என் தந்தை ரயில் ஓட்டுநர். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே முதல் ரயிலை ஓட்டியதற்காக நிர்வாகம் அவருக்கு அளித்த பதக்கம் அது. இதை என் தாய் சொல்லி நான் கேட்டேன். நான் சொல்லி என் பிள்ளைகள் கேட்டார்கள். வாரம் தவறாமல் அதைத் துலக்குவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வேலையை நான் வேறு யாரிடமும் விட்டதில்லை.

என் தந்தை மட்டும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. விருந்தாளி யாராவது பதக்கத்தைப் பார்த்துப் புகழ ஆரம்பித்தால், சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வெளியே எழுந்து போய்விடுவார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். கதையைச் சொன்னவர் என் தாய். மெருகு போட்டவர் என் சித்தப்பா. ஓரத்து வெட்டு எதற்கு என்று சிறு வயதில் நான் கேட்டபோது, "வெல்வெட் பெட்டியில வெக்கிறப்ப உருளாம இருக்கணும்ல" என்று அவர் உடனே பதில் சொன்னார். அவ்வளவு வேகமாக வரும் பதிலைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

சந்தேகப்பட்டவர் என் மகளின் மாமனார்தான். டயர் வியாபாரம் செய்பவர். தங்கமான மனிதர். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றே பதக்கத்தின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏங்க, பதக்கம்னா ஆள் பேரு இருக்கணுமே? இதுல ஊர் பேருதான இருக்கு?"

"அந்தக் காலத்துல ஊருக்காக உழைச்சாங்க. பேருக்காக இல்ல" என்றேன்.

"சரிதான். ஓரத்துல வெட்டு எதுக்கு? எலி கடிச்சிருச்சா?"

சம்பந்தம் முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். ஆனால் அந்த எலி மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. எந்த விசேஷத்தில் சந்தித்தாலும் "எலி நல்லா இருக்கா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பார்.

நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆதாரத்தால் வாயை அடைப்பதுதான் எனக்குத் தெரிந்த முறை. அந்த வடக்குப் பாதையில் கோடைகாலத்தில் வரலாற்று ரயில் ஒன்று விடுகிறார்கள் என்றும், கடைசி நிலையத்தில் சிறிய அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள் என்றும் செய்தி பார்த்தவுடனே தொலைபேசியில் பேசினேன். "கொண்டு வாங்க சார், கண்ணாடிப் பெட்டியில வெச்சுடலாம். கீழ என்ன எழுதணும்?" என்று கேட்டார் அங்கிருந்த அலுவலர். 'இப்பாதையின் முதல் ரயிலை ஓட்டியவருக்கு வழங்கப்பட்ட பதக்கம்' என்று எழுதச் சொன்னேன். அச்சடித்த அட்டை கண்ணாடிக்குள் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு எந்த எலியும் வாலாட்ட முடியாது. அதை நேரில் பார்க்கவேண்டும் என்பதற்காகவே சம்பந்தியையும் கூட அழைத்தேன்.

"ஒரு பித்தளைக்காக உலகத்தோட அந்தக் கோடிக்குப் போகணுமா?" என்றாள் என் மனைவி, கம்பளிகளை மடித்துக்கொண்டே.

"பித்தளை இல்ல. பதக்கம்."

"ஆமா, ஆமா. காலுக்கு ரெண்டு ஜோடி உறை எடுத்து வெச்சிருக்கேன். பதக்கத்துக்கும் ஒண்ணு பின்னட்டுமா?"

வரலாற்று ரயில் என்பது ஒரு டீசல் இன்ஜினும் பழைய மரப் பெட்டிகள் சிலவும்தான். ஜன்னல்களைத் தோல் பட்டையை இழுத்துத் திறக்கவேண்டும். பெட்டியின் கோடியில் தேநீர் தரும் ஒரு சிறு மேடை. வழிகாட்டியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. சிவந்த கன்னமும் உரத்த குரலுமாக இருந்தார். கையில் ஒலிவாங்கி வைத்திருந்தார் என்றாலும் அது அவருக்குத் தேவைப்படவில்லை.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஊர்கள் நின்றுபோயின. சதுப்பு நிலம் வந்தது. தண்ணீருக்கு நடுவே மண்ணைக் கொட்டி உயர்த்திய கரைமேல் எங்கள் தண்டவாளம் மட்டும் ஒற்றையாக ஓடியது. வெள்ளைப் பட்டை மரங்கள் கூட்டமாக வந்து, பார்த்துவிட்டு, விலகிப் போவதுபோல இருந்தது. கடைசி நிலையம் இருக்கும் உச்சி ஊரில் ஒரு செப்புச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டதாலேயே இந்தப் பாதை போடப்பட்டது என்றார் வழிகாட்டி. கொட்டிய மண்ணையெல்லாம் சதுப்பு விழுங்கிக்கொண்டே இருந்ததாம். கடைசியில் மரங்களை வெட்டிப் பாய்போல் பின்னி அதன்மேல் தண்டவாளம் போட்டார்களாம். "இப்பவும் நாம அந்தப் பாய் மேலதான் போயிட்டிருக்கோம்" என்று அவர் சொன்னதும் பெட்டியில் பாதிப்பேர் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

பிறகு ஆளில்லாத நிலையங்கள் வந்தன. இன்ஜினுக்குத் தண்ணீர் நிரப்பிய இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்த கால்களில் நின்றன. ஒரு குடியிருப்பில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு வண்ணத்தில் இருந்தது. எல்லாம் ஒரே அச்சில் கட்டிய வீடுகள். பனி கொட்டும்போது சுரங்கத்திலிருந்து திரும்புகிற ஆண்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடாமலிருக்க, பெண்கள் கூடிப் பேசி வண்ணம் அடித்தார்களாம்.

"அப்பவும் சிலபேரு நுழைஞ்சிருப்பாங்களே?" என்றார் சம்பந்தி.

"நுழைஞ்சாங்க. 'பனியில வண்ணம் தெரியல'ன்னு சொன்னாங்க" என்றார் வழிகாட்டி. பெட்டியே சிரித்தது. எனக்கும் உள்ளுக்குள் பெருமிதம் பொங்கியது. இந்தத் தண்ணீரையும் பனியையும் கடந்து என் தந்தை ரயில் ஓட்டியிருக்கிறார். மடியிலிருந்த தோல்பையை ஒருமுறை தடவிக்கொண்டேன்.

ஒரு சிறிய நிலையத்தில் வண்டி நின்றது. சம்பந்தி தேநீர் வாங்க எழுந்து போனார். என் மனைவி ஜன்னலைத் திறந்தாள். நடைமேடையில் நிலைய அதிகாரி ஒருவர் இன்ஜினை நோக்கி நடந்துபோனார். தோளில் பிரம்பு வளையம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் அடியிலிருந்த தோல் உறையிலிருந்து எதையோ எடுத்து, பெயரை உரக்கப் படித்து, ஓட்டுநரிடம் காட்டினார். வெயிலில் அது பளிச்சென்று மின்னியது.

பித்தளை. வட்டம். மேலே ஒரு துளை. ஓரத்தில் ஒரு வெட்டு.

என் கை தானாகத் தோல்பையின் மேல் போய் உட்கார்ந்தது.

"என்னங்க" என்றாள் என் மனைவி மெதுவாக. "அது நம்ம..."

"ஜன்னலை மூடு. குளிருது."

"நம்ம பதக்கம் மாதிரியே..."

"மூடுன்னு சொன்னேன்ல!"

அவள் மூடினாள். ஆனால் அவள் கண் என் பையை விட்டு அகலவில்லை. நான் பையை மடியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டேன். வண்டி நகர்ந்தது. சம்பந்தி தேநீரைச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன சம்பந்தி, முகத்துல ஈயாடல? வயித்துக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார். உயரத்துக்கு வந்தால் எனக்கு அப்படித்தான் என்றேன். சதுப்பு நிலம் கொஞ்சமும் உயரமில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வழிகாட்டி ஒலிவாங்கியைத் தட்டினார்.

"இப்ப ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பித்தளை வட்டம் குடுத்தாரே, பாத்தீங்களா? அதுக்குப் பேரு டோக்கன். இங்க ஒத்தை லைன்தான். எதிர்ல ஒரு வண்டி வந்துட்டா கதை முடிஞ்சுது. அதனால ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரே ஒரு டோக்கன். ரெண்டு ஊர் பேரும் அதுல வெட்டியிருக்கும். அது எந்த டிரைவர் கையில இருக்கோ அந்த வண்டி மட்டும்தான் போகலாம். போய்ச் சேர்ந்ததும் அங்க குடுத்துடணும். ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு எடத்துல. இருட்டுல கையால தடவியே எந்த டோக்கன்னு தெரிஞ்சுக்கலாம்."

நல்லவேளையாகச் சம்பந்தி தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். வெட்டு என்ற சொல் அவர் காதுக்குள் போனதாகத் தெரியவில்லை. நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். அருங்காட்சியகத்துக்குப் போகாமலே திரும்பிவிடலாம். உடம்பு சரியில்லை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பை வழியில் காணாமல் போய்விட்டது என்றும் சொல்லலாம். எழுபதைத் தாண்டியவன், நீதிமன்றத்தில் பணியாற்றியவன், திருடனைப்போல யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மானம் கப்பலேறிடும்னு சொல்வாங்க" என்று என் மனைவி காதோடு சொன்னாள். "நம்மளது ரயிலேறிருச்சு போல."

"வாயை மூடு."

"மூடிக்கிறேன். நீங்க பையை நசுக்காம உக்காருங்க."

வழிகாட்டி விடவில்லை. "இந்தப் பாதையோட பெரிய கதையே ஒரு டோக்கன் தொலைஞ்சதுதான். அடுத்து ஏரி நிலையம் வரும். அங்கேருந்து உச்சிக்குப் போற கடைசிப் பகுதிக்கான டோக்கன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால ஒரு டிரைவர் உச்சியிலேருந்து வண்டியை எறக்கிட்டு ஏரி நிலையத்துக்கு வந்தாரு. டோக்கனைக் குடுக்கல. கோட்டுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு தெற்கே போற வண்டியில ஏறிப் போயிட்டாரு. அவ்வளவுதான். அந்த டிரைவர் யாருன்னு நாங்க சொல்றதில்ல. அது இங்க எல்லாரும் சேர்ந்து குடுத்துக்கிட்ட வாக்கு."

"அப்புறம் ரயில் எப்படி ஓடிச்சு?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"அதுதான் வேடிக்கை. டோக்கன் இல்லேன்னா ஒரு மனுஷனை டோக்கனா வெக்கலாம்னு ரூல் இருக்கு. அவரு கையில சிவப்புப் பட்டை கட்டியிருக்கணும். அவரு ஏறினாத்தான் வண்டி நகரும். அவரு ஒருத்தர்தானே, ஒரே நேரத்துல ரெண்டு வண்டியில இருக்க முடியாதுல்ல? ஏரி நிலையத்துல விளக்கு துடைக்கிறவருக்குப் பட்டையைக் கட்டிவிட்டாங்க. நடக்குற, மூச்சு விடுற, தும்முற டோக்கன்! புது டோக்கன் தலைமை ஆபீஸ்லேருந்து வர்றதுக்குள்ள ஒரு குளிர்காலமே போயிருச்சு. அதுவரைக்கும் அந்த மனுஷன் மேலயும் கீழயும் போயிட்டே இருந்தாரு."

சம்பந்திக்குத் தலைகால் புரியவில்லை. தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா சம்பந்தி? தும்முற டோக்கன்! அவருக்குக் காய்ச்சல் வந்தா ரயிலுக்கே லீவு! ஆமா, அந்த டிரைவர் அதைக் கொண்டுபோய் என்ன பண்ணியிருப்பான்?"

என் பைக்குள் இருந்த வட்டத்திலும் அதே ஏரி ஊர், உச்சி ஊர் பெயர்கள்தான்.

"கதவுக்கு முட்டுக் குடுத்திருப்பான்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என்ன பெரிய விஷயம்? கெட்டிப் பித்தளை. நேரா பழைய சாமான் கடைக்குப் போயிருப்பான். வித்துத் தின்னிருப்பான்."

நான் எழுந்து நின்றேன். எழவேண்டும் என்று நினைத்து எழவில்லை. கால்கள் தாமாக எழுந்தன. என் தந்தையைப் பற்றி அப்படி ஒரு சொல்லை என் முன்னால் யாரும் சொன்னதில்லை. சொல்லவிட்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது.

"விக்கல" என்றேன். பெட்டி முழுக்கக் கேட்டது. "யாரும் எதையும் வித்துத் தின்னல. அது எங்க வீட்டுக் கூடத்துல இருந்துச்சு. வாரா வாரம் துலக்கி வெச்சோம்."

பையைத் திறந்து வெல்வெட் துணியைப் பிரித்துத் தூக்கிக் காட்டினேன். அதன் பளபளப்பைப் பார்த்து முன்வரிசைக்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"என் அப்பாதான் அந்த டிரைவர். மறந்து எடுத்துட்டு வந்திருக்காரு. நாங்க பதக்கம்னு நெனச்சோம். தப்பு எங்களுது. ஆனா அவரு திருடரில்ல."

சம்பந்தி வாயைத் திறந்தார், மூடினார். அவர் வாயடைத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை அனுபவிக்கத்தான் முடியவில்லை. எல்லோரும் சிரிக்கப்போகிறார்கள் என்று முதுகை நிமிர்த்திக் காத்திருந்தேன்.

வழிகாட்டி ஒலிவாங்கியை இருக்கையில் போட்டுவிட்டு என்னை நோக்கி வந்தார். வட்டத்தை வாங்கிப் பெயர்களைப் படித்தார். ஓரத்து வெட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மூத்த பையனா?"

"ஆமா."

"அவருக்கு முதல் குழந்தை?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"அப்ப நீங்கதானா அது!" என்று அவர் கத்திய கத்தலில் தேநீர் மேடையில் கோப்பைகள் அதிர்ந்தன. "ஐயோ, நீங்கதானா அந்தக் குழந்தை! கதையை நான் முழுசா சொல்லல ஐயா. டிரைவர் யாருன்னு தெரிஞ்சுடக் கூடாதுன்னு அந்தப் பகுதியை விட்டுடுவோம். அன்னிக்கு அவரு வண்டியை எறக்கிட்டு வர்றப்ப ஸ்டேஷன் மாஸ்டர் நடைமேடையில ஓடி வந்து தந்தியை ஆட்டிக்கிட்டே 'பையன்! பையன்!'னு கத்தியிருக்காரு. உங்கப்பா இன்ஜின்லேருந்து அப்படியே குதிச்சிட்டாரு. ஸ்டேஷன் மாஸ்டரைத் தூக்கிச் சுத்தியிருக்காரு. அவரு குண்டான மனுஷன் வேற. பக்கத்துல தெற்கே போற வண்டி கெளம்பிட்டிருந்துச்சு. ஓடிப்போய் தொத்திக்கிட்டாரு. தொப்பி கூட இங்கேயே விழுந்துருச்சு. டோக்கன் ஞாபகம் யாருக்கு இருக்கும்? வாங்கவேண்டிய ஸ்டேஷன் மாஸ்டருக்கே இல்லையே!"

என் தந்தை யாரையாவது தூக்கிச் சுற்றுவதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. என் பரீட்சை முடிவுகளைக்கூட அவர் தலையை ஒருமுறை ஆட்டித்தான் வாங்கிக்கொண்டார். நான் அந்த வளர்ப்பில் வந்தவன். மகிழ்ச்சியை வெளியே காட்டாமலிருப்பதுதான் எங்கள் குடும்பத்துக் கம்பீரம் என்று இத்தனை வருடம் முதுகை வளைக்காமல் இருந்திருக்கிறேன்.

"மேலிடத்துல கேக்கலியா?" என்று நீதிமன்றத்துக் குரலில் கேட்டேன். வேறு குரல் அப்போது என்னிடம் இல்லை.

"கேட்டாங்க. பனியில விழுந்து தொலைஞ்சு போச்சுன்னு ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிட்டாரு. போர்ட்டர், தண்டவாளம் மாத்துற பாயிண்ட்ஸ்மேன், விளக்கு துடைக்கிறவர் எல்லாரும் 'ஆமா, பனிதான்'னு சொல்லிட்டாங்க. அவ்வளவு சந்தோஷமா ஓடின மனுஷனை எப்படிக் காட்டிக் குடுக்குறதுன்னு கேப்பாரு எங்கப்பா."

"உங்க அப்பாவா?"

"விளக்கு துடைக்கிறவர்தான் எங்கப்பா. தும்முற டோக்கன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உச்சி ஊர்ல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல எங்கம்மா வேலை பாத்தாங்க. வண்டி திரும்புற வரைக்கும் அப்பா குளிர்ல நிக்கணுமேன்னு உள்ள கூப்பிட்டு டீ குடுப்பாங்க. புது டோக்கன் வந்துடக் கூடாதுன்னு அம்மா தினமும் வேண்டிக்குவாங்களாம். வந்த அன்னிக்கு, இனிமே மேல வர்றதுக்கு ஒரு காரணமும் இல்லியேன்னு அப்பா பயந்துபோய்க் கல்யாணத்துக்குக் கேட்டுட்டாரு. உங்கப்பா மட்டும் ஞாபகமா குடுத்திருந்தா நான் பொறந்திருக்கவே மாட்டேன் ஐயா!"

இப்போதுதான் பெட்டி சிரித்தது. நான் எதிர்பார்த்துப் பயந்த சிரிப்பு அல்ல அது. யாரோ கைதட்டினார்கள். ஓர் அம்மாள் எனக்கு ரொட்டித் துண்டு ஒன்றை நீட்டினார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. என் மனைவி என் கையை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். நான் விலக்கவில்லை.

சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். "சம்பந்தி, அந்தப் பழைய சாமான் கடைப் பேச்சை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாங்கிக்குங்க."

"எலியையும் வாங்கிக்கிறேன்."

"அது இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. "பழகிப் போச்சு."

வழிகாட்டி தொலைபேசியில் யாரிடமோ மூச்சுவிடாமல் பேசிவிட்டு வந்தார். "ஒரு சிக்கல் ஐயா. இதை நேரா அருங்காட்சியகத்துல வெக்க முடியாதாம். ரூல்படி இது இன்னும் வழியிலதான் இருக்கு. ஏரி நிலையத்துல ஒப்படைச்சாத்தான் போய்ச் சேர்ந்ததா அர்த்தம். எங்க ஸ்டேஷன் மாஸ்டரம்மா ரூல்னா ரூல். பயணி கையிலேருந்து டோக்கனைத் தொட மாட்டாங்க. இன்ஜின்லேருந்துதான் வாங்குவாங்க."

முறை என்றால் முறைதான். அந்த அம்மாளைப் பார்க்காமலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

"அந்த அட்டையை என்ன பண்றது? முதல் ரயில்னு அடிச்சு வெச்சிருக்காங்களே?" என்று வழிகாட்டி கேட்டார்.

"கிழிச்சிடச் சொல்லுங்க. நான் சொல்றபடி எழுதட்டும்" என்றேன். அங்கேயே நின்றபடி சொன்னேன்: 'ஓட்டுநர் ஒருவர் தமக்கு மகன் பிறந்த மகிழ்ச்சியில் ஒப்படைக்க மறந்த டோக்கன். அந்த மகன் ஒப்படைத்தது.' ஓட்டுநரின் பெயர் வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் அத்தனை வருடம் காத்த வாக்கை நான் முறிப்பதா? வேண்டாம் என்றேன். என் மனைவி 'நன்றாகத் துலக்கப்பட்டது' என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்துக்கொண்டார்கள்.

ஏரி நிலையத்துக்கு முன்னால், பழைய சுரங்கக் கிடங்கு ஒன்றின் அருகே படம் எடுப்பதற்காக வண்டி நின்றது. எல்லோரும் கிடங்கைப் படம் எடுக்காமல் நான் இன்ஜினில் ஏறுவதைப் படம் எடுத்தார்கள். படி செங்குத்தானது. சம்பந்தி கீழிருந்து என் இடுப்பைத் தாங்கினார். "லாரி டயரை இதைவிடச் சுளுவா ஏத்தியிருக்கேன்" என்று முணுமுணுத்தார். ஓட்டுநரின் மகனாக இருந்தும் நான் அதுவரை இன்ஜினுக்குள் கால் வைத்ததில்லை. எண்ணெய் வாசனையும் சூடான இரும்பு வாசனையும் அடித்தது. என் தந்தையின் கோட்டில் அடித்த வாசனை. ஓட்டுநர் இளைஞர். எனக்கு இடம்விட்டு நகர்ந்து, டோக்கனைப் பிரம்பு வளையத்தின் உறைக்குள் எப்படி வைப்பது என்று காட்டினார்.

"கையை நல்லா நீட்டுங்க ஐயா. அவங்க வளையத்துக்குள்ள கையை விட்டு வாங்கிக்குவாங்க. வண்டி மெதுவாத்தான் போகும். ஒண்ணே ஒண்ணு, அவங்க பிடிச்சதும் நீங்க விட்டுடணும்."

"தெரியும்" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

மரங்கள் விலகின. ஏரி விரிந்தது. கரையோரம் இன்னும் கொஞ்சம் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்க, நடுவில் வானம் முழுசாக இறங்கியிருந்தது. தண்டவாளம் தண்ணீரின் விளிம்பிலேயே வளைந்து போயிற்று. வளைவு திரும்பியதும் மஞ்சள் வண்ண நிலையம் தெரிந்தது. நடைமேடையின் நுனியில் ஒரு மெலிந்த அம்மாள் சீருடையில் குச்சிபோல நிமிர்ந்து நின்று கையை நீட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். வழிகாட்டி தொலைபேசியில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது.

நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். காற்று சட்டைக்கையைப் படபடக்க வைத்தது. வளையம் அந்த அம்மாளின் கைக்குள் கச்சிதமாகப் போய் விழுந்தது. அவர் பிடித்துக்கொண்டார்.

நான் விடவில்லை.

விடவேண்டும் என்பது நன்றாகத் தெரிந்தது. கைதான் கேட்கவில்லை. என் வயது அளவுக்கு எங்கள் வீட்டில் இருந்த பொருள் அது. அந்த அம்மாள் இன்ஜினோடு கூடவே நடந்தார், பிறகு ஓடினார். தொப்பி நழுவியது.

"விடுங்க ஐயா! விடுங்க!"

"விடுங்க சம்பந்தி!" என்று பின்பெட்டி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, விட்டுத் தொலைங்களேன்!" என்று இன்னொரு குரல்.

விட்டேன்.

வண்டி நின்றது. அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே தொப்பியைச் சரிசெய்து, உறையிலிருந்து டோக்கனை எடுத்து இரண்டு ஊர்ப் பெயர்களையும் உரக்கப் படித்தார். பிறகு எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"பெற்றுக்கொண்டேன். கொஞ்சம் தாமதம்" என்றார்.

"மன்னிக்கணும். பையன் பொறந்துட்டான்" என்றேன்.

எப்படி என் வாயில் அது வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாளின் விறைப்பு உடைந்தது. நடைமேடை முழுவதும் சிரித்தது. எனக்கு வெகுநாளாக வராத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து புறப்பட்டது. இன்ஜினுக்குள் அது எதிரொலித்தபோதுதான், நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

நாங்கள் வந்த பகுதியின் டோக்கனை ஓட்டுநரிடம் வாங்கிக்கொண்டு, உச்சிக்குப் போகும் பகுதிக்கான டோக்கனை அந்த அம்மாள் இன்னொரு வளையத்தில் கொண்டுவந்தார். ஓட்டுநர் வாங்கிப் பெயரைப் படித்துச் சரிபார்த்துவிட்டு, "நீங்களே வெச்சிருங்க ஐயா. மேல போய் நீங்களே குடுங்க" என்று என் கையில் கொடுத்தார்.

"சம்பந்தி!" சம்பந்தி பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டிருந்தார். "அதையாவது ஒழுங்கா கொண்டுபோய் குடுங்க! கூடத்துல ஆணி காலியா இருக்குன்னு வீட்டுக்குக் கொண்டுபோயிடாதீங்க!"

இன்ஜின் ஊதியது. ஏரி பின்னால் போயிற்று. பாதை மேலே ஏறத் தொடங்கியது. நான் கோட்டுப் பொத்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு, டோக்கனை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, நிமிர்ந்து நின்றேன்.